13 அங்குல ரிம்முக்குள்: பெருங்களத்தூர் ஹெரால்டும் பிரேக்கின் அளவும்

ஒரு காருக்கு எவ்வளவு பெரிய பிரேக் வைக்கலாம் என்பதைச் சக்கரம்தான் முதலில் சொல்லும். டிரம்மாக இருந்தாலும் டிஸ்க்காக இருந்தாலும் அது ரிம்மின் உட்குழிக்குள் அடங்கியாக வேண்டும். தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ரிம் 13 அங்குலம், அதாவது 330 மில்லிமீட்டர். டயரை ஏற்றி இறக்குவதற்காக ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதையும் தகட்டின் கனத்தையும் கழித்தால் உள்ளே மிஞ்சுவது ஏறக்குறைய 290 மில்லிமீட்டர். அந்த இடத்துக்குள் முன்சக்கரத்தில் ஆலை பொருத்திய டிரம் 8 அங்குலம், பின்சக்கரத்தில் 7 அங்குலம். சக்கரத்தை மாற்றாமல் இதைவிடப் பெரிய பிரேக்கை உள்ளே வைக்க முடியுமா என்ற கேள்வியைப் பிரிட்டனில் ஹெரால்டின் தாய் நிறுவனமே கேட்டு, விடையும் கண்டது. அந்த விடை பெருங்களத்தூர் ஆலை வாசலுக்கு வந்து சேரவில்லை.

அந்த ஆலையின் பெயர் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-ல் தொடங்கியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே முதலில் வேன்கார்ட் கார்களைக் கூட்டிப் பூட்டினார்கள். பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் ஆகியவை வந்தன. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931 முதலே ஓடிக்கொண்டிருந்தது. 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி தொடக்கத்திலேயே வைத்த நான்கு துறைகளில் ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங்கும் ஒன்று. கார் என்றால் மவுண்ட் ரோடு ஷோரூம் என்றிருந்த சென்னையில், காரைச் செய்யும் இடமும் அதைப் படிக்கும் இடமும் ஒரே ரோட்டில், சில ரயில் நிலையங்களின் தூரத்தில் அமைந்தன. தென்புறநகரின் மோட்டார் தொழில் வரலாறு ஃபோர்டு ஆலை வந்த மறைமலை நகரில் தொடங்கியதாகப் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அது பெருங்களத்தூரில் தொடங்கிவிட்டது.

ஹெரால்டு பிரிட்டனில் 1959-ல் கோவென்ட்ரி நிறுவனத்தின் டிரையம்ஃப் என்ற பெயரில் அறிமுகமானது. பெருங்களத்தூரிலிருந்து 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வெளிவந்தது. 948 சி.சி. இன்ஜின், தனிச் சேஸிஸ், முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட். மட்கார்டோடு சேர்ந்து அந்த பானெட் முழுவதும் எழும்பிவிடுவதால் இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஒரே பார்வையில் தெரியும். டயர்மீதே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு இவ்வளவு வசதி செய்து தந்த கார் அந்தக் காலத்து இந்தியச் சாலையில் வேறு இல்லை.

காரை நிறுத்துவது என்றால் அதன் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. நான்கு பேரோடு ஏறக்குறைய 1,050 கிலோ எடையுள்ள ஹெரால்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் வெளிவரும் வெப்பம் சுமார் 260 கிலோஜூல். அறைச் சூட்டிலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோக அது போதும். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. இவ்வளவையும் சில நொடிகளில் வாங்கிக்கொண்டு, அடுத்த முறை பெடலை மிதிப்பதற்குள் காற்றில் விட்டாக வேண்டும். டிரம் இதில் பின்தங்குகிறது. ஷூவின்மேலுள்ள லைனர் உரசுவது டிரம்மின் உட்புறத்தில்; காற்று படுவது வெளிப்புறத்தில். மேலும், சூடேறிய டிரம் விரிந்து லைனரைவிட்டு விலகுகிறது. பெடல் இறங்கிக்கொண்டே போகும், பிடிப்பு குறையும். டிஸ்க்கில் நடப்பது நேர்மாறு. சூட்டில் அது தடித்து, அதை அழுத்திப் பிடிக்கும் பேடை நோக்கி வரும், அதன் இரு முகங்களும் காற்றுக்குத் திறந்தே இருக்கும்.

மழைக்காலம் டிரம்முக்கு இன்னொரு சோதனை. முடிச்சூர், இரும்புலியூர் போன்ற தாழ்வான பகுதிகளில் ரோட்டில் தேங்கும் நீரில் சக்கரம் இறங்கினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அது உலரும்வரை பிரேக் பிடிக்காது. நீரைக் கடந்ததும் இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி, உரசும் சூட்டிலேயே லைனரைக் காயவைப்பது டிரம் கார் ஓட்டியவர்களுக்குப் பழக்கமாக இருந்தது.

டிஸ்க் பிரேக் அப்போது அறியப்படாத ஒன்றல்ல. ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1953-ல் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் லே மான் பந்தயத்தில் வென்ற பிறகு உலகம் அதைக் கவனித்தது. 1956-ல் டிரையம்ஃப் டி.ஆர்.3 காரின் முன்சக்கரங்களில் கெர்லிங் டிஸ்க்கைப் பொருத்திய கோவென்ட்ரி நிறுவனம், பெருங்களத்தூர் ஆலையின் தாய் நிறுவனமேதான். பெருமளவில் தயாரித்த பிரிட்டிஷ் கார்களில் டிஸ்க் பிரேக்கோடு முதலில் வந்தவற்றுள் அதுவும் ஒன்று. இன்னும் நெருக்கமான ஒற்றுமை ஒன்றும் உண்டு. கெர்லிங்கைத் தன்னுள் வைத்திருந்த லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. டிஸ்க்கைத் தன் காரில் போட்ட நிறுவனத்தின் உறவு பெருங்களத்தூரில், அந்த டிஸ்க்கைச் செய்த நிறுவனத்தின் உறவு பாடியில். நடுவே ஒரு மணி நேரப் பயணம். ஆனாலும் ஹெரால்டு டிரம்மோடே இருந்தது.

இதற்குக் காரணங்கள் இருந்தன. இறக்குமதிக்கு அனுமதி கிடைப்பது அரிது. உள்ளூரில் செய்யும் பாகங்களின் பங்கை ஆண்டுக்காண்டு கூட்டிக்காட்ட வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. வார்ப்பிரும்பு டிரம்மும் தகட்டு ஷூவும் இங்கேயே எளிதாகக் கிடைத்தன. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் நுண்ணிய துளையும் பிஸ்டனும் சீலும் அப்படியல்ல. 948 சி.சி. இன்ஜினும் காரை அப்படி ஒன்றும் வேகமாக ஓட்டிவிடாது. இவை நியாயமானவை. ஆனால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்றே கார்கள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் என்றிருந்த சந்தையில், பிரேக்கை மேம்படுத்தி ஒரு வாடிக்கையாளரைக்கூடப் புதிதாகப் பிடிக்க வேண்டிய தேவை ஆலைக்கு இருக்கவில்லை. முதன்மைக் காரணம் அதுவே. பிரிட்டனில் ஹெரால்டின் இன்ஜின் 1,147, 1,296 சி.சி. என்று வளர்ந்தது, அதோடு பிரேக்கும் வளர்ந்தது. இங்கே இன்ஜின் 948-லேயே நின்றது.

டிரம்மைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பட்டறைகளில் தேய்ந்த ஷூவைத் தூக்கி எறிவதில்லை. பழைய லைனரை உளியால் பெயர்த்து, புது லைனரை வைத்து ரிவெட் அடிப்பார்கள். வரி விழுந்த டிரம்மை லேத்தில் ஏற்றிக் கடைவார்கள். எத்தனை முறை கடையலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு முறையும் உலோகம் மெலிகிறது, அத்தோடு சூட்டைத் தாங்கும் திறனும் குறைகிறது. லைனர் என்றால் அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனர். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக்குழாயால் அடிப்பதும் பட்டறை வழக்கம். அந்தத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பது தெரிந்த பிறகும் அந்த வழக்கம் எளிதில் போகவில்லை.

பிரிட்டனில் கண்ட விடை இது. ஹெரால்டின் அதே சேஸிஸ் அமைப்பிலிருந்து டிரையம்ஃப் ஒரு குடும்பத்தையே உருவாக்கியது. 1962-ல் ஸ்பிட்ஃபயர், அதே ஆண்டில் ஆறு சிலிண்டர் வைடெஸ், 1966-ல் ஜி.டி.6. எல்லாவற்றுக்கும் சக்கரம் 13 அங்குலமே. ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத்தில் 9 அங்குல டிஸ்க். ஹெரால்டுக்கும் விருப்பப் பாகமாக முன் டிஸ்க் கிடைத்தது. வைடெஸ் 2 லிட்டர் இன்ஜினுக்கு மாறியபோதும் ஜி.டி.6 வந்தபோதும் டிஸ்க் 9.7 அங்குலமாக, ஏறக்குறைய 246 மில்லிமீட்டராக வளர்ந்தது. காலிப்பரின் பிஸ்டனும் பெரிதானது, ரிம்மின் அகலமும் கூடியது. ரிம்மின் விட்டம் மட்டும் மாறவில்லை. 290 மில்லிமீட்டர் இடத்தில் 246 மில்லிமீட்டர் டிஸ்க்கை வைத்தால், விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும் காலிப்பருக்குக் கிடைப்பது ஒரு பக்கத்தில் சுமார் 2 சென்டிமீட்டர். ஏறக்குறைய கடைசி இடம்வரை அவர்கள் போய்விட்டார்கள்.

இதையே இன்னும் சிறிய சக்கரத்தில் செய்தது மினி. 1961-ல் வந்த மினி கூப்பரின் 10 அங்குலச் சக்கரத்துக்குள் 7 அங்குல டிஸ்க் வைத்தார்கள். அது போதவில்லை. 1963-ன் கூப்பர் எஸ் காரில் அதே 10 அங்குலத்துக்குள் 7.5 அங்குல டிஸ்க்கைப் புகுத்தினார்கள். அதற்கு மேல் இடமில்லை. 8.4 அங்குல டிஸ்க் வைக்க 1984-ல் சக்கரத்தையே 12 அங்குலமாக்க வேண்டியிருந்தது. ஃபார்முலா 1 பந்தயம் 2021 வரை 13 அங்குல ரிம்மில்தான் ஓடியது. அதில் டிஸ்க்கின் உச்ச அளவு 278 மில்லிமீட்டர். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனும் சென்னையின் கருண் சந்தோக்கும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய கார்களின் ரிம் விட்டமும் பெருங்களத்தூர் ஹெரால்டின் ரிம் விட்டமும் ஒன்றே. 2022-ல் ரிம் 18 அங்குலமான பிறகே அங்கும் டிஸ்க் பெருத்தது.

சக்கரத்தை மாற்றாமல் பெரிய பிரேக் வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இடைவெளி. டிஸ்க்கின் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இதில்தான். காலிப்பரின் முதுகு ரிம்மின் பள்ளத்தில் இடிக்கலாம். அதன் முகம் சக்கரத்தின் நடுத்தட்டிலோ அலாய் வீலின் ஆரத்திலோ இடிக்கலாம். காலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி, ஹப்பில் வைத்து, ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்ப்பது பழைய முறை, இன்றும் நம்பத்தக்க முறை. கையால் சுற்றும்போது உரசாதது ஓடும்போது உரசக்கூடும். திருப்பத்தில் சக்கரம் நெளிகிறது, சூட்டில் எல்லாம் விரிகிறது. ஆகவே எங்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். பேலன்ஸுக்காக ரிம்மின் உள்ளே ஒட்டும் ஈயக்கட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடம் போதாமல் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி, பேரிங்கின்மேல் பாரம் கூடும். போல்ட்டின் பிடியும் குறையும். ஹெரால்டின் சக்கரத்தைப் பிடிப்பவை 95 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்த நான்கே போல்ட்டுகள். அதில் விளையாட இடமில்லை.

இடைவெளி சரியானால் அடுத்தது பெடல். ஹெரால்டின் முன் டிரம்மில் சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து அழுத்திக்கொள்கிறது. காலின் வேலை குறைகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. பேடை அழுத்துவது முழுக்க எண்ணெயின் அழுத்தம்தான். மேலும் காலிப்பரின் பெரிய பிஸ்டனைத் தள்ள அதிக எண்ணெய் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் பெடல் ஆழமாக இறங்கலாம். அதன் துளையைப் பெரிதாக்கினால் பெடல் உயரும், ஆனால் கல்லாக இறுகும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தேடிப் பிடிப்பது, அல்லது பூஸ்டர் சேர்ப்பது என்று இரண்டே வழிகள். டிரம்முக்காகச் செய்த சில மாஸ்டர் சிலிண்டர்களில் குழாய்க்குள் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அதை அகற்றாவிட்டால் பேட் ஒட்டிக்கொண்டே ஓடிச் சூடேறும்.

மூன்றாவது, முன்பின் சமநிலை. பிரேக் போட்டால் எடை முன்னே சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. முன்னே மட்டும் பிரேக்கைக் கூட்டினால் கார் நேராக நிற்கும், ஆனால் பின்பிரேக் சும்மா இருக்கும். பின்னே கூட்டினாலோ பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு காரைச் சுழற்றிவிடும். டிரையம்ஃப் பொறியாளர்கள் ஆறு சிலிண்டர் கார்களில் முன்னே டிஸ்க்கை வைத்தபோது பின்டிரம்மையும் 7-லிருந்து 8 அங்குலமாக்கியது, சமநிலையையும் கணக்கில் வைத்துத்தான்.

பெரிய பிரேக் எதைத் தரும், எதைத் தராது என்பதிலும் தெளிவு வேண்டும். சக்கரத்தைப் பூட்டும் அளவு வலு ஏற்கெனவே இருக்கும் காரில், ஒரே ஒரு முறை நிற்கும் தூரம் பிரேக்கைப் பெரிதாக்குவதால் குறையாது. அதை முடிவு செய்வது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. பெரிய டிஸ்க்கின் பயன் இரண்டாவது, பத்தாவது, இருபதாவது நிறுத்தத்தில் தெரியும். ஏற்காடு மலையிறக்கத்தில் தெரியும்.

பந்தயத்திலும் தெரியும். சென்னைக்கு அப்படிப்பட்ட இடமாக இருந்தது வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. ஹெரால்டும் ஃபியட்டும் அம்பாசடரும் அதில் ஓடின. ஓடுதளம் என்பதால் நீண்ட நேர்வழி, அதன் முடிவில் கூர்மையான திருப்பம். கார் முழு வேகத்துக்கு வந்து, உடனே பாதிக்கும் கீழே இறங்கி, மறுபடி வேகமெடுக்க வேண்டும். பிரேக்கை வேகவைக்க இதைவிடப் பொருத்தமான பாதை அமையாது. டிஸ்க் எளிதில் கிடைக்காத காலத்தில் டிரம் கார்களைப் பந்தயத்துக்குத் தயார்செய்தவர்கள் உலகெங்கும் கையாண்ட வழிகள் சில: சூட்டைத் தாங்கும் கடின லைனர், பின்தட்டில் காற்றுத்துளை, கொதிநிலை உயர்ந்த பிரேக் எண்ணெய். சக்கரத்துக்குள் அளவைக் கூட்ட முடியாதபோது இருக்கும் அளவைக் குளிரவைப்பதே மீதி வழி. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்ததும் சோழவரத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது.

பெருங்களத்தூரின் பிற்பகுதி சுருக்கமானது. ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வந்தன. பிரிட்டிஷ் ஹெரால்டுக்கு அப்படி ஒரு வடிவம் இருந்ததே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அது கெஸல் ஆனது. பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஹெரால்டின் அமைப்பை இந்திய வாடிக்கையாளர்களும் மெக்கானிக்குகளும் விரும்பாததால் கெஸலுக்கு வழக்கமான ஒற்றை ஆக்சிலை வைத்தார்கள். 1970-களின் இறுதியில் கார் நின்றுபோய் ஸ்டாண்டர்ட் 20 வேன் மட்டும் வந்தது. 1985-ல் ரோவர் எஸ்.டி.1 உடலில் பழைய வேன்கார்ட் வழிவந்த இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அது விலைபோகவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. ஆலை நிலத்தில் இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

இதற்குள் மாருதி 800 தன் 12 அங்குலச் சக்கரத்துக்குள் முன் டிஸ்க்கை வைத்து, அதைச் சாதாரணக் குடும்பத்தின் பொருளாக்கிவிட்டது. 1999-ல் ஃபோர்டு ஐகான் மறைமலை நகரிலிருந்து புறப்பட்டபோது முன் டிஸ்க் விளம்பரத்துக்குரிய அம்சமாகக்கூட இல்லை. ஃபோர்டு அங்கே 2022 வரை கார் செய்தது. பாடியில் பிறந்த பிரேக்ஸ் இந்தியாவும் செங்கல்பட்டைத் தாண்டி பொலம்பாக்கத்தில் ஓர் ஆலை கண்டது. ஒரே மாடல் காரில் சின்ன இன்ஜினுக்கு ஒரு டிஸ்க், பெரிய இன்ஜினுக்கு அதைவிடப் பெரிய டிஸ்க், ரிம் மட்டும் ஒன்றே என்ற டிரையம்ஃப் குடும்பத்து வழக்கம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஆகவேதான் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பட்டறைக்காரர் பிரேக்கைக் கூட்ட நினைக்கும்போது முதலில் தேடுவது அதே நிறுவனத்தின் பெரிய இன்ஜின் காருக்கான டிஸ்க்கையும் காலிப்பரையும். புதுப்பேட்டையின் பிரித்தெடுத்த பாகங்களுக்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய இரும்புக்கும் இதனால்தான் மதிப்பு.

சட்டம் இதில் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் அழுத்திச் சொன்னது. அதே ஆண்டில் புதிய கார்களுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அந்தக் கருவியின் கணக்குகள் ஆலை வைத்த பிரேக்கின் அளவை வைத்தே எழுதப்பட்டவை. காலிப்பரின் பிஸ்டனை மாற்றினால் அந்தக் கணக்கும் பிசகும். ஒரகடத்திலுள்ள சோதனை மையத்தில் புதிய மாடல்களின் பிரேக்கைத் தடத்தில் ஓட்டிச் சோதிப்பது போன்ற வசதி எந்தப் பட்டறைக்கும் கிடையாது.

மிச்சமிருக்கும் ஹெரால்டுகள் சென்னையின் பழைய கார் கண்காட்சிகளில் தலைகாட்டுகின்றன. ஸ்பிட்ஃபயர், ஜி.டி.6 அளவு டிஸ்க்கும் காலிப்பரும் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டும் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. டிரம்மைக் கழற்றி 9 அங்குல டிஸ்க்கை வைத்தால் ஆலையின் 13 அங்குலத் தகட்டு ரிம்மே அதன்மேல் ஏறிவிடும். 9.7 அங்குலத்துக்கு அகலமான ரிம் தேவைப்படலாம். ஹப் கேப்பையும் மாட்டிவிட்டால், 1961-ல் ஆலையை விட்டு வந்த காருக்கும் இதற்கும் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது.